ஜீப்ல முன்னாடி பின்னாடி ஆக்ஸில் ரேஷியோ ஒண்ணுதானான்னு ஹவுசிங்கைப் பிரிக்காம எப்படிக் கண்டுபிடிக்கறது?

மலைத்தோட்டம்:

வணக்கம். நான் தாண்டிக்குடி பக்கம், கொஞ்சம் காப்பி, அதுக்குள்ள மிளகு, மலைவாழை. தோட்டத்துல இருந்து ரோட்டுக்கு சரக்கு ஏத்தி வர்றதுக்காக போன சித்திரையில ஒரு பழைய மகிந்திரா ஜீப் வாங்கினேன், ஃபோர் வீல் வண்டி, டீசல் எஞ்சின், நாலு கியர். கை மாறி கை மாறி வந்த வண்டி, எனக்கு முன்னாடி குறைஞ்சது நாலு பேராவது வச்சிருந்திருப்பாங்க, யார் எதை மாத்தினாங்கன்னு யாருக்கும் தெரியல.

டூ வீல்ல ஓட்டும்போது ஒரு குறையும் இல்ல. ஃபோர் வீல் போட்டா மட்டும் நேர் ரோட்டுலயே முப்பது நாப்பது மீட்டர் போறதுக்குள்ள வண்டியை யாரோ பின்னாடி கயிறு கட்டி இழுக்கற மாதிரி ஆகுது, ஸ்டியரிங் இறுகுது, முன் டயர் ரெண்டும் தரையைத் தேச்சுக்கிட்டே வருது, அப்புறம் ஃபோர் வீல் லிவரை வெளிய எடுக்கலாம்னா வரவே மாட்டேங்குது. சேறா இருந்தா இவ்வளவு தெரியல, தார் ரோட்டுல போட்டா நல்லா தெரியுது. (தார் ரோட்டுல போடக்கூடாதுன்னு தெரியும், சோதிச்சுப் பாக்கத்தான் போட்டேன்.)

மெக்கானிக்கிட்ட காட்டினேன், டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சுத்தை முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்ஸிலுக்கும் பிரிச்சுக் கொடுக்கற பெட்டி) போயிருச்சு இறக்கிடலாம்னு சொல்றாரு, செலவு பெருசா வரும் போல. அதே நேரம் எங்க ஊர்ல ரொம்ப வருசமா ஜீப் ஓட்டுற பெரியவர் ஒருத்தர் குனிஞ்சு பாத்துட்டு, "இந்தப் பின் ஹவுசிங் இந்த வண்டியோடது இல்லப்பா, ரேஷியோ வேறயா இருக்கும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஹவுசிங் (ஆக்ஸிலை மூடியிருக்கற இரும்புக் கூடு) மேல ரேஷியோ போட்ட தகடு எதுவும் இல்ல, கவர் போல்ட்டுல மாட்டியிருந்த அடையாளம் கூட இல்ல. நாலு டயரும் 6.00-16 தான், ஒண்ணா வாங்கிப் போட்டது.

இன்னொரு விசயம், மீட்டர் 40 காட்டும்போது போன்ல ஜிபிஎஸ் 44 காட்டுது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல, எதுக்கும் சொல்லிடறேன். பிரிக்காம ரேஷியோ பாக்க வழி இருந்தா சொல்லுங்க அண்ணன்மார்களே, காப்பி எடுப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள வண்டி ரெடியாகணும்.

பட்டறைக்காரன்:

தம்பி, டிரான்ஸ்ஃபர் கேஸை இப்ப இறக்கவே இறக்காத. நீ சொல்ற அத்தனையும் ரேஷியோ வித்தியாசத்துக்கு உண்டான அடையாளம். டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லு போயிருந்தா சத்தம் வரும், லிவர் தானா நழுவி வெளிய வரும். உனக்கு நேர்மாறா லிவர் உள்ளயே மாட்டிக்குதுன்னா டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து முன்னாடியும் பின்னாடியும் போற ரெண்டு ப்ரொபெல்லர் ஷாஃப்டும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிப் பிடிச்சு நிக்குதுன்னு அர்த்தம். இப்போதைக்கு மாட்டிக்கிச்சுன்னா லிவரை மிதிச்சு உடைக்காத, ரிவர்ஸ் போட்டு ரெண்டடி பின்னாடி எடு, முறுக்கு விட்டதும் லேசா வந்துரும்.

ரேஷியோ பாக்கறது கஷ்டமே இல்ல. ஹவுசிங்குக்குள்ள இருக்கற பெரிய பல்சக்கரம் கிரௌன், ஷாஃப்ட்டோட சேந்து அதைச் சுத்தற சின்னது பினியன். கிரௌன்ல எத்தனை பல்லு, பினியன்ல எத்தனை பல்லு, முன்னதைப் பின்னதால வகுத்தா ரேஷியோ. கிரௌன் 43 பினியன் 8ன்னா 5.375, அதைத்தான் 5.38னு சொல்றோம். 39க்கு 8ன்னா 4.875, அது 4.88. ஹவுசிங் கவரைக் கழட்டினா கிரௌன் விளிம்புலயே நிறைய செட்டுல இந்த நம்பரை அடிச்சிருப்பாங்க, பாத்த உடனே முடிஞ்சுது. கழட்ட வேண்டாம்னா வீலை சுத்தி ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுத்து சுத்துதுன்னு எண்ணு, அதேதான் கணக்கு. வீல் ஒரு சுத்து வர்றதுக்குள்ள ஷாஃப்ட் எத்தனை சுத்து வருதோ அதான் ரேஷியோ.

ஆனா ஒண்ணு, இதைப் படிக்காம ஜாக்கியில கை வைக்காத. பழைய ஜீப்ல ஹேண்ட்பிரேக் டிரம் வீல்ல இருக்காது, டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னாடி ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கிளம்புற இடத்துல இருக்கும், குனிஞ்சு பாத்தா தெரியும். அந்த மாதிரி வண்டியில பின் வீல் ஒண்ணு தரையை விட்டுத் தூக்கினாலே போதும், ஹேண்ட்பிரேக் எவ்வளவு இறுக்கி இழுத்திருந்தாலும் வண்டி உருளும். ஷாஃப்ட் நின்னாலும் டிஃப்ரன்ஷியல் (ரெண்டு வீலும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்லு அமைப்பு) வழியா தரையில இருக்கற வீல் ஒரு பக்கமும் தூக்கின வீல் எதிர்ப்பக்கமுமா சுத்திக்கும், பிரேக்குக்குத் தெரியவே தெரியாது. எங்க பட்டறை வாசல்லயே ஒரு வண்டி இப்படி ஜாக்கியை விட்டு இறங்கி உருண்டதை நான் கண்ணால பாத்திருக்கேன், அன்னைக்குக் கீழ ஆள் இல்ல. அதுவும் நீ பின் ஆக்ஸில் பாக்கணும்னா ஷாஃப்ட் சுத்தணும், அப்ப ஹேண்ட்பிரேக்கை எடுத்தே ஆகணும். அதனால சமதளமா பாத்து நிறுத்தி முன் வீல் ரெண்டுக்கும் முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடு, உருளைக் கல்லு வேண்டாம் நல்ல மரக்கட்டை கொடு, ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு போடு. கியரை நியூட்ரல்ல வை, டூ வீல்ல வை. அப்புறம் சாக்பீஸ்ல டயர்ல ஒரு கோடு, ஷாஃப்ட்ல ஒரு கோடு, எண்ண ஆரம்பிச்சிரலாம்.

நாலாவதுகியர்:

ப்ரோ, கீழ படுக்காமலே பாக்க ஒரு வழி இருக்கு, ஆர்பிஎம் (நிமிசத்துக்கு எத்தனை சுத்து) வச்சு. டாப் கியர் நேரா ஒண்ணுக்கு ஒண்ணா இருக்கற கியர்பாக்ஸா இருந்தா எஞ்சின் ஆர்பிஎம்மும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஆர்பிஎம்மும் ஒண்ணுதான். பின் டயர்ல ஒரு கோடு போட்டு, சரக்கு ஏத்துற மாதிரியே எடையோட, வண்டியை ஒரு சுத்து தள்ளி தரையில டேப் வச்சு அள. 6.00-16 டயருக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் வரும்னு வச்சுக்க. ஜிபிஎஸ்ல 50ல நிதானமா போனா நிமிசத்துக்கு 833 மீட்டர், 2.2ஆல வகுத்தா வீல் நிமிசத்துக்கு 379 சுத்து. அந்த நேரம் எஞ்சின் ஆர்பிஎம் 1850 கிட்ட இருந்தா 4.88, 2040 கிட்ட இருந்தா 5.38. ஆர்பிஎம் மீட்டர் இல்லன்னா கையில வச்சு புல்லியில ஒளி அடிச்சுப் பாக்கற மீட்டர் வாங்கலாம், ஆனா அதை ஓடுற வண்டியில பாக்க முடியாது, தனியா மீட்டர் மாட்டணும். அஞ்சு கியர் பாக்ஸ் மாட்டின வண்டியா இருந்தா அஞ்சாவதுல பாக்காதீங்க, அது ஓவர்டிரைவ், எஞ்சினை விட ஷாஃப்ட் வேகமா சுத்தும், கணக்கு கெட்டுப் போகும்.

பட்டறைக்காரன்:

நல்ல வழிதான், ஆனா அது பின் ஆக்ஸிலுக்கு மட்டும்தான் சொல்லும். தம்பிக்கு வேண்டியது முன்னாடியும் பின்னாடியும். கையால சுத்திப் பாக்கறதுதான் சரி.

மலைத்தோட்டம்:

அண்ணா ரொம்ப நன்றி, ஹேண்ட்பிரேக் விசயம் எனக்கு சுத்தமா தெரியாது, குனிஞ்சு பாத்தா நீங்க சொன்ன இடத்துலதான் டிரம் இருக்கு. இத்தனை நாள் அதை நம்பி பஞ்சர் போட்டிருக்கேன், நினைச்சாலே பகீர்ங்குது.

ஸ்டாண்டு ஒண்ணுதான் கிடைச்சுது, அதனால பின்னாடி இடது வீலை மட்டும் தூக்கினேன், வலது வீல் தரையில கட்டையோட இருக்கு. பத்து சுத்து சுத்தினேன், ஷாஃப்ட் 24 சுத்து முழுசா வந்து அதுக்கு மேல கால் சுத்துக்குக் கொஞ்சம் மேல. பத்தால வகுத்தா 2.4 சொச்சம் வருது. இப்படி ஒரு ரேஷியோ ஜீப்ல இருக்கவே முடியாதே? கார் ஹவுசிங் எதையாவது மாட்டி வச்சிருக்காங்களா? திரும்ப எண்ணிப் பாத்தேன், அதேதான் வருது. மனசு உடைஞ்சு போச்சு.

பழைய இரும்பு:

மனசு உடையாதீங்க சார், நீங்க சரியாத்தான் எண்ணியிருக்கீங்க, ரெண்டால பெருக்கணும், அவ்வளவுதான். ஒரு வீல் தரையில நிக்கும்போது தூக்கின வீலை ரெண்டு சுத்து சுத்தினாத்தான் உள்ள கிரௌன் ஒரு சுத்து வரும், ஏன்னா நீங்க சுத்துறதுல பாதி டிஃப்ரன்ஷியல் சின்ன பல்லுங்க அச்சுல உருள்றதுலயே போயிரும். ரெண்டு வீலையும் தூக்கி ரெண்டையும் ஒரே பக்கமா ஒண்ணா சுத்தினா மட்டும்தான் நேர்க்கணக்கு. ரெண்டையும் தூக்கிட்டு ஒண்ணை மட்டும் சுத்தினா இன்னொண்ணு அது பாட்டுக்கு எதிர்ப்பக்கம் சுத்திக்கிட்டு கணக்கைக் குழப்பும், அதனால ஒரு வீலை தரையில வச்சு நீங்க பண்ணினதே நல்ல முறை. உங்க 24 சொச்சத்தை ரெண்டால பெருக்கி பத்தால வகுங்க, 4.8, 4.9 வாக்குல வருதா? அப்ப 4.88 தான்.

ஆனா சொச்சத்தை நம்பாதீங்க. பல்லையே நேரா எண்ணிப்புடற மாதிரி ஒரு வழி இருக்கு, நான் பழகின பட்டறையில பெரிய மேஸ்திரி இப்படித்தான் பாப்பாரு. ஒரு வீலை மட்டும் தூக்கி பதினாறு சுத்து சுத்துங்க. பினியன்ல 8 பல்லுன்னா பதினாறாவது சுத்துல டயர் கோடும் ஷாஃப்ட் கோடும் ரெண்டும் கிளம்பின இடத்துக்கே கரெக்டா வந்து நிக்கும், அந்த நேரம் ஷாஃப்ட் எத்தனை சுத்து வந்திருக்கோ அதான் கிரௌன் பல்லு. ஷாஃப்ட் 39 வந்தா 39க்கு 8. 43 வந்தா 43க்கு 8. பதினாறுல கோடு சேரலன்னா நிறுத்தாம சுத்திக்கிட்டே போங்க, பதினெட்டுல சேந்தா பினியன் 9 பல்லு, இருபதுன்னா 10, இருபத்திரெண்டுன்னா 11. பெரும்பாலும் கிரௌன் பல்லும் பினியன் பல்லும் ஒரே எண்ணால வகுபடாத மாதிரிதான் வெட்டுவாங்க, ஒரே பல்லு ஒரே பல்லோடயே திரும்பத் திரும்ப உரசாம எல்லாப் பல்லும் எல்லாத்தோடயும் பழகித் தேயட்டும்னு. அதனாலதான் இந்தக் கணக்கு வேலை செய்யுது.

முன்னாடியும் இதையே பண்ணுங்க. டூ வீல்ல போட்டிருந்தா முன் ஷாஃப்ட் தனியா சுத்தும். முன் வீல் ஹப்புல லாக் பண்ற மாடல் மாட்டியிருந்தா லாக்ல வச்சுக்கங்க, இல்லன்னா வீல் சுத்தும் ஷாஃப்ட் அசையாது. முன்னாடி பாக்கும்போது பின் வீல் ரெண்டும் தரையில இருக்கறதால ஹேண்ட்பிரேக் பிடிக்கும், இழுத்தே வைங்க, கட்டையும் இருக்கட்டும்.

தேயிலைப்பக்கம்:

நான் ஹட்டன் பக்கம். எங்க தோட்டத்துல ஒரு பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் நிக்குது, அதுலயும் ஹேண்ட்பிரேக் இதே இடத்துலதான், அண்ணன் சொன்ன எச்சரிக்கை எங்களுக்கும் பொருந்தும். நான் ஆர்வத்துல இப்பதான் போய் ஒரு வீலை தூக்கிப் பாத்தேன், பதினாறுல சேரல, பதினெட்டுலயும் சேரல, இருபதாவது சுத்துல கோடு ரெண்டும் ஒண்ணா வந்து நின்னுச்சு, ஷாஃப்ட் 47. அப்ப 47க்கு 10, 4.7. சீரிஸ் வண்டிக்கு 4.7னு புத்தகத்துல இருக்கறது அப்படியே வருது. இவ்வளவு வருசமா வண்டியோட இருக்கேன், பல்லை வெளியில இருந்தே எண்ணலாம்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. பழைய இரும்பு அண்ணனுக்கு நன்றி. பின்னால வந்த டிஃபெண்டர் ஆக்ஸில் 3.54, அதைக் கொண்டாந்து ஒரு பக்கம் மட்டும் மாட்டி வச்சிருக்கற வண்டிகளும் இருக்கு, வாங்குறவங்க ரெண்டு பக்கமும் எண்ணிப் பாத்துட்டு வாங்குங்க.

மலைத்தோட்டம்:

பண்ணிட்டேன். மழை விட்டதும் களத்துல வண்டியை நிறுத்தி, கோணியை விரிச்சு கீழ படுத்துக்கிட்டேன், தலை ஷாஃப்ட்டுக்கு நேரா, உடம்பு வண்டிக்கு வெளிய. என் பொண்ணு வீலை சுத்தினா, அவ சத்தமா வீல் எண்ணினா, நான் மனசுக்குள்ள ஷாஃப்ட் எண்ணினேன். முதல் தடவை அவ பன்னெண்டு சொல்றப்போ நான் குழம்பிட்டேன், திரும்ப ஆரம்பிச்சோம், ஷாஃப்ட் கோடு மேல வரும்போதெல்லாம் ஒரு மிளகை எடுத்துக் கிண்ணத்துல போட்டேன், அப்புறம் குழப்பமே இல்ல.

பின்னாடி: பதினாறாவது சுத்துல ஷாஃப்ட் கோடு டக்குனு உச்சியில வந்து நின்னுச்சு, கிண்ணத்துல 39 மிளகு. முன்னாடி: அதே பதினாறு, அதே மாதிரி கோடு நேரா வந்து நின்னுச்சு, கிண்ணத்துல 43. ரெண்டு தடவை எண்ணினோம், ரெண்டு தடவையும் அதேதான்.

அப்ப பின்னாடி 4.88, முன்னாடி 5.38. பெரியவர் சொன்னதுதான் சரி. அவர் வீட்டுக்குப் போய் சொன்னேன், "முன் ஹவுசிங் வண்டியோடது, பின்னது வேற எங்கயோ இருந்து வந்தது, துருவோட நிறமே வேறப்பா"ன்னாரு. இனி என்ன பண்றது, எதை மாத்தறதுன்னு சொல்லுங்கண்ணா.

பட்டறைக்காரன்:

அருமையா பண்ணியிருக்க தம்பி, பொண்ணுக்கு என் வாழ்த்து சொல்லு. இப்ப உன் மீட்டர் கணக்கையும் பாரு. மீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸ்ல இருந்து ஷாஃப்ட் சுத்துறதை வச்சுத்தான் வேகம் காட்டும், பின்னாடி 5.38 இருக்குன்னு நினைச்சு அமைச்ச மீட்டர், பின்னாடி 4.88 வந்ததும் வீல் அதே ஷாஃப்ட் சுத்துக்கு பத்து சதவீதம் கூட ஓடும். மீட்டர் 40, நிசம் 44. நீ முதல் பதிவுலயே விடையைச் சொல்லிட்ட, பழைய மீட்டரை மட்டும் நம்பி முடிவு பண்ண முடியாதுங்கறதால நான் அதைப் பேசாம விட்டேன்.

அந்தப் பத்து சதவீதம்தான் உன்னைப் பின்னாடி இழுக்கற கயிறு. ஃபோர் வீல் போட்டதும் ரெண்டு ஷாஃப்டும் பூட்டின மாதிரி ஒரே வேகம், ஆனா பின் வீல் நூறு மீட்டர் போகப் பாக்கும்போது முன் வீல் தொண்ணூத்தி ஒண்ணுதான் போகும்ங்குது. மிச்சத்தை டயர் தேஞ்சு ஈடுகட்டணும், சேத்துல வழுக்கி விடும், தார்ல வழுக்க இடமில்ல, எல்லா முறுக்கும் கிராஸ் (ஷாஃப்ட் முனையில இருக்கற மூட்டு), ஷாஃப்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் பல்லு மேல போய் உக்காரும். இப்படியே ஓட்டினா உன் மெக்கானிக் சொன்னது ஒருநாள் நிசமாகவே ஆயிரும். மாத்துற வரைக்கும் ஃபோர் வீல் போடவே போடாத.

எதை மாத்தறதுங்கறது நீ வண்டியை எதுக்கு வச்சிருக்கங்கறதைப் பொறுத்தது. மலையில காப்பி மூட்டை ஏத்தி இறக்கற வண்டிக்கு என்னைக் கேட்டா பின்னாடி 5.38 போடு, முன்னாடி தொட வேண்டாம், இழுவை நல்லா இருக்கும், இறக்கத்துலயும் எஞ்சின் பிடிச்சு நிறுத்தும். வத்தலகுண்டு ரோட்டுல வேகமா ஓடணும்னா முன்னாடி 4.88 தேடலாம். ஆனா உனக்கு வேகம் எதுக்கு.

நாலாவதுகியர்:

அண்ணா ஒரு சந்தேகம், ஒரே மாதிரி ஜீப் குடும்பத்துல எப்படி ரெண்டு ரேஷியோ வந்துச்சு?

பழைய இரும்பு:

ஆரம்பத்துலயே ரெண்டும் இருந்துது சார். ரெண்டாம் உலகப்போர் வில்லிஸ் ஜீப்புக்கு 4.88. போர் முடிஞ்சதும் 1945ல விவசாயிக்குன்னு சிஜே 2ஏ விட்டாங்க, வயல்ல கலப்பை இழுக்கணும், சுமை இழுக்கணும்னு அதுக்கு 5.38 போட்டாங்க, அப்புறம் வந்த சிஜே 3பிக்கும் அதேதான். அந்தக் குடும்பத்து வண்டியைத்தான் 1940கள் கடைசியில இருந்து மகிந்திரா இங்க சேத்துக் கட்டினாங்க. பிறகு எஞ்சின் பெருசாகி டீசலாகி வண்டிக்கு வண்டி ரேஷியோ மாறிச்சு, ஆனா பட்டறையில வெளிய இருந்து பாத்தா ஹவுசிங் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், அளவு ஏறக்குறைய ஒத்துப்போகும், யாரோ அவசரத்துக்கு கிடைச்சதை எடுத்து மாட்டிட்டுப் போயிருப்பாங்க. டூ வீல்ல ஓட்டுறவனுக்கு வித்தியாசமே தெரியாது. அதனாலதான் மாடல் பேரைச் சொல்லி கிரௌன் பினியன் ஆர்டர் பண்ணாதீங்கன்னு சொல்றேன், பல்லு எண்ணிக்கையைச் சொல்லிக் கேளுங்க.

மலைத்தோட்டம் சார், பழைய மார்க்கெட்ல 43க்கு 8 செட் கிடைச்சா கிரௌனும் பினியனும் ஒரே ஜோடியான்னு பாத்து வாங்குங்க. ஜோடியா தேச்சு எடுக்கற பொருள் அது, பினியன் முகத்துலயும் கிரௌன் விளிம்புலயும் ஒரே ஜோடி நம்பர் எழுதியிருப்பாங்க. நம்பர் வேறவேறன்னா எவ்வளவு விலை குறைச்சுக் கொடுத்தாலும் வேண்டாம், நாலு மாசத்துல ஊளையிட ஆரம்பிச்சிரும். மாட்டும்போது பழைய சிம்மை (இடைவெளி சரிபண்ற மெல்லிய தகடு) அப்படியே போட்டு இறுக்காம, பேக்லாஷ் (பல்லுக்குப் பல்லு இருக்கற இடைவெளி) டயல் வச்சுப் பாத்து, பல்லுல ப்ளூ சாயம் தடவி எங்க படுதுன்னு பாத்து மாட்டுற ஆளா தேடுங்க. அந்த நிதானம் இல்லாத ஆளுகிட்ட கொடுத்தா புது செட்டும் வீண்.

மலைத்தோட்டம்:

முடிவு பண்ணிட்டேன், பின்னாடி 5.38. மெக்கானிக்கிட்ட மிளகுக் கிண்ணத்தோட போய் விசயத்தைச் சொன்னேன், கோவிச்சுக்குவாரோன்னு பயந்தேன், அவர் உடனே தானே வண்டிக்கு அடியில போய் பதினாறு சுத்து எண்ணிட்டு, "டிரான்ஸ்ஃபர் கேஸைத் தொடவேண்டாம் தம்பி"ன்னாரு. நேத்து பின் கவரைக் கழட்டினோம். ஆயில் கருப்பா இருந்துச்சு, துணியில கிரௌன் விளிம்பைத் துடைச்சதும் எழுத்து தெரிஞ்சுது, 39, பக்கத்துல 8.

43க்கு 8 செட் திண்டுக்கல்ல ஒரு இடத்துல இருக்குன்னு சொல்லியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை போறேன், ஜோடி நம்பர் ரெண்டையும் படம் எடுத்துப் போடறேன், பாத்து சொல்லுங்க, அதுக்கப்புறம்தான் காசு கொடுப்பேன்.